அனுமதியும் செயலும்: யுனிக்ஸ் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

பலர் ஒரே கணனியைப் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய காலந்தொட்டு, ஒருவரது கோப்பை மற்றவர் அனுமதியின்றித் தீண்டாவண்ணம் காப்பது பணிசெயல் முறைமையின் தலையாய கடமைகளுள் ஒன்றாயிற்று. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் உருவாக்கிய யுனிக்ஸ் இக்கடமையை மிக எளிமையாக நிறைவேற்றியது. 1979இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில், உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையினர்க்கும் உரிய வாசித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய அனுமதிகள் ஒன்பது பிட்டுகளாற் குறிக்கப்பட்டன.

எனினும், புதிய அடைவொன்றை உருவாக்கும் முறையிற் குறையொன்று மறைந்திருந்தது. தவறாக அமைந்த அடைவு கோப்பு முறைமையின் ஒழுங்கையே குலைக்கும் ஆதலின், அதனை நேரடியாக ஆக்கும் உரிமை மேற்பயனருக்கு மட்டுமே இருந்தது. சாதாரண பயனருக்காக அப்பணியைச் செய்த கட்டளை, மேற்பயனரின் அதிகாரத்தை இரவலாகப் பெற்று இயங்கியது. அவ்வாறு அதிகாரத்தை இரவலளிக்கும் உத்தி றிச்சியினுடையது. 1979இல் அதற்குக் காப்புரிமையும் வழங்கப்பட்டது.

அக்கட்டளை முதலில் மேலடைவில் எழுதப் பயனருக்கு அனுமதி உண்டா எனச் சோதித்தது. பின்னர் அடைவை ஆக்கியது. அதன் பின்னரே அப்பெயரைச் சுட்டி உரிமையைப் பயனருக்கு மாற்றியது. இம்மூன்றும் கருவினுள் ஒரே செயலாக நிகழவில்லை. தனித்தனி அழைப்புகளாக நிகழ்ந்தன. அடைவு ஆக்கப்பட்ட பின், உரிமை மாறுமுன் உள்ள கணப்பொழுதில், பயனர் அவ்வடைவை நீக்கி, அதே பெயரிற் கடவுச்சொற் கோப்புக்கு இணைப்பொன்றை ஏற்படுத்த இடமிருந்தது. அங்ஙனம் செய்யின் கடவுச்சொற் கோப்பே அவருக்கு உரிமையாகும். அதைத் திருத்தி முழுக் கணனியையும் அவர் கைப்பற்றலாம். அனுமதிச் சோதனை சரியாகவே நடைபெற்றிருந்தும் காவல் தோற்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

சோதனைகளைப் பெருக்குவதால் இக்குறை தீராது. எத்தனை முறை சோதிப்பினும் சோதனைக்கும் செயலுக்கும் இடையே இடைவெளி எஞ்சும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் 1983இல் வெளியிட்ட 4.2 பதிப்பு, அடைவு ஆக்குதலைக் கருவின் தனியோர் அழைப்பாக அமைத்தது. சோதனையும் ஆக்கமும் உரிமை வழங்கலும் ஒன்றாயின. இடையிற் புகுவதற்கு வழியில்லாதொழிந்தது. 1988இன் பொசிக்ஸ் நியமமும் அவ்வழைப்பை ஏற்றது.

இவ்வகைக் குறை அத்துடன் மறைந்துவிடவில்லை. 2016இல் லினக்ஸ் கருவில் வெளிப்பட்ட 'டேர்ட்டி கவ்' என்னும் குறையும், வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில் எழுத வழிசெய்த நேரப் போட்டியே. அதனைத் திருத்தப் பதினோராண்டுகளுக்கு முன் தாம் எடுத்த முயற்சி நிலைக்காது போனதை லினஸ் ரோவால்ட்ஸ் தாமே பதிவு செய்துள்ளார். அனுமதி என்பது கடந்த கணத்தின் சான்று மட்டுமே. செயல் நிகழும் கணத்திலும் அது செல்லுபடியாகுமாறு அமைப்பதே கருவை எழுதுவோரின் பொறுப்பு என்பதை இவ்வரலாறு வலியுறுத்துகின்றது.