டெலிபோனில் ஒரு மூடி மாட்டலாமா? (ஒரு பழைய வழக்கின் கதை)



போன வாரம் எங்கள் விடுதியில் ஒரு சின்னக் கலாட்டா. நாங்கள் நான்கு பேர் காசு போட்டு வாங்கிய பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. புது கார்ட்ரிட்ஜ் விலையைக் கேட்டதும் மயக்கம் வராத குறைதான். சரி என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்து மை நிரப்பிக் கொண்டு வந்து மாட்டினோம். பிரிண்டர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டது. இது அசல் கார்ட்ரிட்ஜ் இல்லையாம், அச்சடிக்க மாட்டாதாம். மறுநாள் காலை ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடை தேடி ஓடியது தனிக்கதை.

அறை நண்பன் கோபத்தில் ஒரு கேள்வி கேட்டான். "நம்ம காசுல வாங்கின பொருள்டா. அதுல எதை மாட்டணும்னு கம்பெனிக்காரன் எப்படிச் சொல்லலாம்?"

நல்ல கேள்வி. ஆனால் புதுக் கேள்வி இல்லை. சுமார் எழுபது வருடத்துக்கு முன்பே அமெரிக்காவில் இதற்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அப்போது சண்டை பிரிண்டருக்காக இல்லை, டெலிபோனுக்காக. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-ல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கினார் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. அவர் பெயரில் வளர்ந்த கம்பெனிதான் பின்னாளில் ஏடி அண்ட் டி ஆனது. இருபதாம் நூற்றாண்டின் பாதியில் அமெரிக்காவின் பெரும்பாலான டெலிபோன்கள் அதன் கையில்தான். கம்பி அவர்களுடையது, எக்ஸ்சேஞ்ச் அவர்களுடையது. வீட்டு மேஜை மேல் இருக்கிற போனும் அவர்களுடையதுதான்! அதைத் தயாரித்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கும் அவர்களுடைய கம்பெனியே. வாடிக்கையாளர் போனை வாங்கவில்லை, மாத வாடகைக்கு வைத்திருந்தார். கம்பெனி கொடுக்காத எந்தப் பொருளையும் போனோடு இணைக்கக் கூடாது என்று கட்டண விதிகளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். மீறினால் இணைப்பைத் துண்டிக்கலாம்.

இந்த இடத்தில் வருகிறது 'ஹஷ்-எ-போன்' என்ற பொருள். பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. போனில் பேசுகிற முனையில் மாட்டிக்கொள்ளும் ஒரு கிண்ணம் மாதிரியான மூடி, அவ்வளவுதான். உள்ளே மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது. வாயை அதற்குள் வைத்துப் பேசினால் பக்கத்து மேஜைக்காரர் காதில் விழாது. அறைச் சத்தமும் போனுக்குள் அவ்வளவாகப் போகாது. ஆபீஸ்களில் இது 1920-களில் இருந்தே விற்றுக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது.

இதற்கும் தடை போட்டது ஏடி அண்ட் டி! மூடி வைத்தால் குரல் தெளிவாகப் போகாது, அதனால் டெலிபோன் சேவையே கெடும் என்றார்கள். மூடிக் கம்பெனி 1948-ல் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் புகார் செய்தது. ஒலியியல் அறிஞர் லியோ பெரானெக் போன்றவர்கள் மூடிக்காக சாட்சி சொன்னார்கள். ஆணையம் தீர்ப்புச் சொன்னது 1955-ல்! ஏழு வருடம் காத்திருந்த பிறகு கம்பெனி பக்கமே தீர்ப்பு.

மூடிக்காரர்கள் விடவில்லை. மேல்முறையீடு செய்தார்கள். 1956 நவம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் முடிவைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் சொன்ன நியாயம் ரொம்ப எளிமையானது. ஒருவர் கையைக் குவித்து வாய்க்கு அணைவாக வைத்துப் பேசினாலும் இதே விளைவுதான் வரும். கையால் செய்தால் சரி, அதையே ஒரு பொருளால் செய்தால் தப்பு என்பது நியாயமா? மற்றவர்களுக்குக் கெடுதல் இல்லாதவரை, சந்தாதாரர் தன் போனைத் தனக்குப் பயன்படும்படி வைத்துக்கொள்ள உரிமை உண்டு. இதுதான் தீர்ப்பின் சாரம்.

இந்த ஒரு வரிக் கொள்கை அடுத்த வழக்கில் பெரிய வேலை செய்தது.

டெக்சாஸில் தாமஸ் கார்ட்டர் என்று ஒருவர் இருந்தார். எண்ணெய் வயல்களும் பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகளும் உள்ள ஊர். அங்கே வேலை செய்பவர்களிடம் இருவழி ரேடியோ இருக்கும், பக்கத்தில் போன் இருக்காது. ரேடியோவையும் போனையும் சேர்த்தால் என்ன என்று யோசித்து 'கார்ட்டர்ஃபோன்' செய்தார். ஆபீஸில் இருப்பவர் போன் ரிசீவரை எடுத்து அந்தப் பெட்டியின் தொட்டிலில் வைக்க வேண்டும். ரிசீவரில் வரும் குரலை பெட்டியிலுள்ள மைக் வாங்கி ரேடியோவில் அனுப்பும். ரேடியோவில் வரும் குரலை பெட்டியின் ஸ்பீக்கர் ரிசீவருக்குள் பேசும். கவனியுங்கள், போன் கம்பியைத் தொடவே இல்லை! நடுவில் இருப்பது வெறும் காற்றும் சத்தமும்தான். 1959 முதல் 1966 வரை சுமார் 3,500 பெட்டிகள் விற்றன.

இதை வைத்திருந்தால் இணைப்பைத் துண்டிப்போம் என்று டெலிபோன் கம்பெனிகள் சொல்லவும் கார்ட்டர் வழக்குப் போட்டார். அது சுற்றி வளைத்து அதே ஆணையத்திடம் வந்தது. 1968 ஜூனில் ஆணையம் இந்தத் தடவை வேறு மாதிரி தீர்ப்பளித்தது. நெட்வொர்க்குக்குக் கெடுதல் செய்யாத கருவியைத் தடுக்க முடியாது, அப்படித் தடுக்கும் விதி சட்ட விரோதம் என்றது. இனிமேல் மட்டும் இல்லை, இதுவரையிலும் அது சட்ட விரோதமாகவே இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னது.

இங்கே கம்பெனி பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் பயம் முழுக்கப் பொய் இல்லை. டெலிபோன் கம்பியில் சாதாரணமாக 48 வோல்ட் அளவில் மின்சாரம் இருக்கும். யாரோ ஒருவர் கன்னாபின்னா என்று ஒரு கருவியைச் செய்து அதிக வோல்டேஜை உள்ளே விட்டால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு ஆபத்து. சிக்னல் அளவுக்கு மீறிப் போனால் பக்கத்து லைனில் பேசுபவருக்குத் தொந்தரவு. இன்னொன்று, வாடகைப் போன் கெட்டால் கம்பெனியே சரிசெய்யும். அதனால் கம்பெனி போனைச் சீக்கிரம் கெடாத மாதிரி செய்தது. சொந்தமாக வாங்கலாம் என்று ஆன பிறகு கடையில் வந்த மலிவுப் போன்கள் பல அந்த உறுதியோடு இல்லை.

ஆனால் ஆபத்து இருக்கிறது என்பதும், அதனால் என்னிடம் மட்டும் வாங்கு என்பதும் ஒன்றா? தீர்ப்புக்குப் பிறகும் ஏடி அண்ட் டி ஒரு தந்திரம் செய்தது. வெளிக் கருவியை மாட்டலாம், ஆனால் நடுவில் எங்கள் பாதுகாப்புப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும், அதற்கு மாத வாடகை என்றது! இதற்கு முடிவு கட்டியது ஆணையம் 1975-ல் கொண்டுவந்த பதிவு முறை. கருவி இந்த இந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று பொது விதி. அதில் தேறினால் யார் செய்த கருவியையும் நேரடியாக மாட்டலாம். மாட்டுவதற்கு ஒரே அளவான ஒரு சாக்கெட். டெலிபோன் ஒயரின் நுனியில் 'டக்' என்று மாட்டும் சின்ன பிளாஸ்டிக் முனை இருக்கிறதே, ஆர்.ஜே.11, அது பரவியது இப்படித்தான். யார் செய்தது என்று பார்க்காதே, கெடுதல் செய்யுமா என்று மட்டும் பார். என்ன அழகான யோசனை!

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஆன்சரிங் மெஷின், ஃபேக்ஸ், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மோடம் எல்லாம் இந்த வாசல் வழியாக வந்தவைதான். மோடம் என்பது எண்களை ஒலியாக்கி அனுப்பி, அந்தப் பக்கம் ஒலியை மறுபடி எண்ணாக்கும் கருவி. ஒரு காலத்தில் வீடுகளுக்கு இன்டர்நெட் வந்ததே அந்த 'கீய்ங்' சத்தத்தோடுதான்.

ஆனால் என் மனதைத் தொட்டது வேறு ஒரு விஷயம். பெல்லின் அம்மாவும் மனைவியும் காது கேளாதவர்கள். ஆனால் அவர் கண்டுபிடித்த டெலிபோனைக் காது கேளாதவர்கள் பயன்படுத்த முடியவில்லை. ராபர்ட் வெய்ட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர் 1964-ல் பழைய டெலிபிரிண்டரை டெலிபோனோடு சேர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு பக்கம் தட்டச்சு செய்தால் அது ஒலியாகப் போய், மறுபக்கம் காகிதத்தில் எழுத்தாக வரும். கம்பியை நேரடியாகத் தொடக் கூடாதே, அதனால் அவரும் ரிசீவரைத் தொட்டிலில் வைக்கும் முறையைத்தான் பயன்படுத்தினார். டெலிபோன் வந்து 88 வருடம் கழித்து, காது கேளாத இரண்டு பேர் டெலிபோன் வழியாக 'பேசினார்கள்'. இது கம்பெனி செய்து கொடுத்தது இல்லை. தேவை இருந்தவர் தானே செய்துகொண்டது. பூட்டிய பொருளில் இப்படி ஒன்று நடக்குமா?

மறுபடி பிரிண்டருக்கு வருவோம். 2017-ல் லெக்ஸ்மார்க் என்ற கம்பெனியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு கார்ட்ரிட்ஜை விற்ற பிறகு அதன் மேல் கம்பெனியின் காப்புரிமை தீர்ந்துவிடும், மை நிரப்பி விற்பவர் மேல் அந்தக் காப்புரிமையை வைத்து வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. (எங்கள் பிரிண்டர் அந்தக் கம்பெனி இல்லை!) ஆனால் சட்டம் திறந்த கதவை சிப் மூடிவிடுகிறது. அன்று விதிப் புத்தகத்தில் இருந்த தடை இன்று பொருளுக்குள்ளேயே இருக்கிறது. இணைப்பைத் துண்டிப்போம் என்று கடிதம் வராது, சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

நம் நாட்டில் 1986-லேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2019-ல் புதுச் சட்டம் வந்தது. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் ஒரு இணையதளமும் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் வாங்கும்போது நாம் கேட்கிற கேள்விதான் முதல் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. விலை என்ன என்பதோடு, வெளியில் மை நிரப்பலாமா, பேட்டரி மாற்றலாமா, வேறு சார்ஜர் போடலாமா என்றும் கேட்டுவிட்டு வாங்குங்கள். நாங்கள் கேட்கவில்லை. விலை குறைவு என்று வாங்கிவிட்டோம்.

அந்தப் பிரிண்டர் இப்போது எங்கள் அறையில் துணி மடித்து வைக்கும் ஸ்டாண்டாக இருக்கிறது. அதற்கு மட்டும் எந்த கார்ட்ரிட்ஜும் கேட்பதில்லை!

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.