எண்ணெய்க் கிணற்றுத் தூண்டலில் கொடுக்கிணைப்புச் சேர்மங்கள்

சுண்ணாம்புப் பாறையின் ஒரு பகுதியைக் கரைத்து, அதில் அடைபட்டிருக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் பாய வழி செய்வது கிணற்றுத் தூண்டல் முறைகளுள் ஒன்று. நெடுங்காலம் வலிய அமிலங்களே செய்துவந்த இப்பணிக்குக் கொடுக்கிணைப்புச் சேர்மங்கள், அதாவது ஓர் உலோக அயனியைப் பல முனைகளாலும் ஒருசேரப் பற்றிக் கரைசலிலேயே நிறுத்திவைக்கும் கரிமச் சேர்மங்கள், கொண்டுவரப்பட்டதற்குச் சுற்றுச்சூழல் அக்கறையே காரணம் என்று கருதத் தோன்றும். அவ்வக்கறை பின்னர் வந்து சேர்ந்தது. அமிலம் செல்லவேண்டிய ஆழத்துக்குச் சென்றடையாமல் வழியிலேயே தீர்ந்துபோனதும், போகும் வழியில் குழாய்களை அரித்ததும்தான் மூலக் காரணங்கள்.

ஒகையோ மாநிலத்தின் லைமா நகரில், சோலார் சுத்திகரிப்பு ஆலையின் வேதியியலரான ஹெர்மன் பிராஷ், கிணற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தும் முறைக்கு 1896 மார்ச்சில் காப்புரிமை பெற்றார். அவருடன் பணியாற்றிய ஜான் வான் டைக் கந்தக அமிலத்தை முன்மொழிந்தார். ஆனால் அது சுண்ணாம்புடன் வினைபுரிந்தால் எளிதில் கரையாத கால்சியம் சல்பேட் படிந்து திறந்த துளையையே அடைத்துவிடும் என்பதால், நீரில் நன்கு கரையும் கால்சியம் குளோரைடைத் தரும் பிராஷின் அமிலமே பிற்காலத்தில் நிலைபெற்றது. எனினும் இரும்புக் குழாய்கள் அரிக்கப்படுவதைத் தடுக்கத் தக்க வழி அன்று இல்லாமையால் அம்முறை சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தது.

மிச்சிகன் மாநிலத்தின் இசபெல்லா மாவட்டத்தில் 1932 பிப்ரவரியில் அது மறுபிறப்பு எடுத்தது. பியூர் ஆயில் நிறுவனத்துக்குரிய, எண்ணெய் வரத்து நின்றுபோயிருந்த ஒரு கிணற்றில், டவ் கெமிக்கல் நிறுவனத்தார் 500 கேலன் அமிலத்தை அரிமானம் தடுக்கும் ஆர்சனிக் சேர்மத்துடன் கலந்து இறக்கினர்; கிணறு நாளொன்றுக்கு 16 பீப்பாய் எண்ணெய் தரலாயிற்று. குழாயைக் காப்பதற்கு நஞ்சையே நாடியதை அக்காலத்தவர் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. அவ்வாண்டு இறுதிக்குள் இப்பணிக்கென்றே டவல் என்ற துணை நிறுவனம் உருவாக்கப்பட்டது.

ஆழமும் வெப்பமும் மிகுந்த கிணறுகளில்தான் அமிலம் வழியிலேயே தீர்ந்துபோகும் சிக்கல் முற்றியது. அமிலம் பாறை முழுவதையும் சீராகக் கரைப்பதில்லை. சற்றே அகன்ற துளையில் கூடுதலாகப் பாய்ந்து, அதை மேலும் அகட்டி, புழு துளைத்தாற்போன்ற நீண்ட பாதையை ஆக்குகிறது, இப்பாதைகளே எண்ணெய்க்கு வாய்க்கால்கள் ஆகின்றன. பாயும் வேகம் குறைந்தால் அமிலம் கிணற்றுச் சுவரை ஒட்டிய பாறையைத் தின்றே தீர்ந்துவிடும். மிகுந்தால் பாதை பல கிளைகளாகச் சிதறும். இறுகிய பாறையில் உயர்வேகத்தில் செலுத்தினால் அழுத்தம் ஏறிப் பாறையே பிளக்கக்கூடும் என்பதால், பொறியாளர் விரும்பிய வேகம் எப்போதும் வாய்ப்பதில்லை.

குறைந்த வேகத்திலும் ஆழமாகச் செல்லும் கரைப்பான் என்ற இத்தேவைக்கு விடையான சேர்மம் சாயப்பட்டறைத் தேவையொன்றிலிருந்து பிறந்தது. கடினநீரின் கால்சியம் சாயக் கரைசலைக் கெடுக்காமல் தடுக்க, சிட்ரிக் அமிலத்துக்கு மாற்றுத் தேடிய வேதியியலர் பெர்டினாண்டு மியூன்ஸ் 1930களில் ஈடிடிஏ எனும் சேர்மத்தை உருவாக்கினார். எண்ணெய்த் துறையில் அது முதலில் துணைப்பொருளாகவே நுழைந்தது: அமிலம் குழாயிலிருந்து கரைத்தெடுத்த இரும்பு, அமிலம் வலுவிழந்தபின் சேறாகப் படிந்துவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அமிலம் செய்த கேட்டைச் சரிசெய்ய வந்த ஒன்று அமிலத்தின் இடத்தையே பிடிக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெறப் பல பத்தாண்டுகள் ஆயின.

அவ்வெண்ணத்துக்கு ஆய்வு அடித்தளம் இட்டவர்களுள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் பிரெட்டும் ஸ்காட் ஃபோக்லரும் முதன்மையானவர்கள். 1932ஆம் ஆண்டுக் கிணறு இருந்த அதே மாநிலத்திலிருந்தே இம்மாற்றமும் புறப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1990களின் பிற்பகுதியில் வெளியான அவர்களுடைய கட்டுரைகள், ஹைட்ரோகுளோரிக் அமிலம் பாறையின் முகப்பிலேயே செலவாகிவிடும் குறைந்த வேகங்களிலும் ஈடிடிஏ புழு துளைத்தாற்போன்ற பாதைகளை உண்டாக்குவதைக் காட்டின. அமிலம் தன் ஹைட்ரஜன் அயனிகளால் கார்பனேட்டைத் தாக்குகிறது. கொடுக்கிணைப்புச் சேர்மமோ கால்சியத்தையே பற்றி இழுப்பதால், வலிய அமிலத்தன்மை இன்றியும் கரைத்தல் நிகழ்கிறது.

ஆனால் ஈடிடிஏ அமில நிலையில் மிகக் குறைவாகவே கரையும்; மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாது. முதற்குறையை நீக்க ஹைட்ராக்சில் தொகுதி ஏற்றிய எச்ஈடிடிஏ போன்றவற்றை வேன் பிரெனியர் உள்ளிட்டோர் 2001 அளவில் முன்வைத்தனர். உணவுச் சுவையூட்டியாக அறியப்பட்ட மோனோசோடியம் குளுட்டமேட்டிலிருந்து ஆக்கப்படும் ஜிஎல்டிஏ இரண்டு குறைகளையும் ஒருங்கே தீர்த்தது. நுண்ணுயிர்களால் எளிதில் சிதையும் அச்சேர்மத்தை, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹிஷாம் நாசர்-எல்-தின் குழுவினர் அக்சோநோபல் நிறுவனத்தாருடன் இணைந்து 2000களின் இறுதியிலிருந்து விரிவாக ஆராய்ந்தனர். சூழல் என்ற வாதம் இவ்வரலாற்றில் முன்வரிசைக்கு வந்தது இக்கட்டத்தில்தான்.

கரைதிறனிலும் விலையிலும் மட்டும் பழைய அமிலம் இன்னும் முந்திநிற்கிறது. ஒரு லிட்டர் 15 விழுக்காட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 220 கிராம் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்க, ஒரு மூலக்கூறுக்கு ஒரே கால்சியத்தைப் பற்றும் 0.25 மோலார் ஈடிடிஏ கரைசல் 25 கிராம் அளவிலேயே நின்றுவிடும், விலையும் கூடுதல். ஆகவே வெப்பம் குறைந்த, ஆழமற்ற கிணறுகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலமே தொடர்கிறது. குரோமிய எஃகுக் குழாய்கள் பொருத்திய வெப்பமிகு கிணறுகளிலும், அமிலம் பட்டால் சிதையும் இல்லைட் போன்ற களிமண் கனிமங்கள் செறிந்த மணற்பாறைகளிலும் கொடுக்கிணைப்புச் சேர்மங்களுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, குழாயும் பாறையும் கெடாமல் தப்புவதால் ஈடாகிவிடுகிறது.