பெண்கள் துணைப்படை (இந்தியா)

பெண்கள் துணைப்படை என்பது இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்தியப் படையின் அலுவலக வேலைகளுக்காக 1942-இல் அமைக்கப்பட்டு, 1947-இல் கலைக்கப்பட்ட அமைப்பு. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 1917-இல் தோன்றிய பெண்கள் படைப்பிரிவை இதற்கு முன்னோடி எனலாம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையில் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்குக் கிளம்பினர். அரசு அலுவலகங்கள் பலவும் உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. போர்முனைக்கு ஆண்கள் தேவைப்பட, அவர்கள் விட்டுச்சென்ற மேசைகளுக்குப் பெண்கள் அழைக்கப்பட்டனர். தட்டச்சு, கோப்புப் பராமரிப்பு, தொலைபேசி இணைப்பு, சங்கேதச் செய்தி ஆகியவை முதன்மைப் பணிகள். சேர்வதற்கான வயது முதலில் 18. 1942 டிசம்பரில் 17 ஆகக் குறைக்கப்பட்டது. பொதுப் பணிக்கு ஒப்புக்கொண்டவரை இந்தியாவில் எங்கும் அனுப்பலாம். உள்ளூர்ப் பணி என்ற ஏற்பாடும் இருந்தது. பெண்ணை வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு அது பெரிய வசதி.

போர் முடிவதற்குள் ஏறத்தாழ 11,500 பேர் சேர்ந்ததாகக் கூறுவர். ஒரே காலத்தில் பணியில் இருந்தோரின் உச்ச எண்ணிக்கை அதைவிடக் குறைவு: அதிகாரிகள் 850, மற்றவர்கள் 7,200 என்பது ஒரு கணக்கு. ஆங்கிலோ-இந்தியப் பெண்கள் பெரும்பங்கினர். சாதி, சமயக் கட்டுப்பாடுகளே மற்றவர்களைத் தடுத்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆங்கிலமும் தட்டச்சும் அறிந்த பெண்கள் அன்று மிகச் சிலரே என்பதையும் சேர்த்தே கருத வேண்டும்.

இந்தியப் பெண்கள் காக்கிச் சேலையைச் சீருடையாக உடுத்தினர். கொசுவம் கலையாமல் வரிசையில் நின்று அணிவகுப்புப் பழகும் படங்கள் எஞ்சியுள்ளன. போர்க்கால ஆவணங்களுள் இவற்றைப் போல் கண்ணை நிறுத்துபவை குறைவு. துணைப்படையின் கடற்படைப் பிரிவு 1944-இல் தனி அமைப்பாயிற்று. அதன் அதிகாரி கல்யாணி சென் 1945-இல் பிரிட்டனுக்குச் சென்றபோது, ஸ்காட்லாந்தின் ரோசைத் துறைமுகத்தில் எடுத்த படத்திலும் சேலையிலேயே இருக்கிறார். எதிரணியில், இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அப்படை 1945-இல் கலைந்தது.

போர் ஓய்ந்ததும் படைகள் சுருங்கின. விடுவிக்கப்படும் படையினருக்கும் போர்க்காலப் பணியாளருக்கும் வேலை தேடித் தர, 1945 ஜூலையில் மறுவாழ்வு, வேலைவாய்ப்பு இயக்ககம் தொடங்கப்பட்டது. பள்ளிச் சான்றிதழோடு வரிசையில் நின்று நாம் பதிவு செய்த வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தொடக்கம் அதுவே. 1948-இல்தான் அது எல்லோருக்கும் திறந்தது. பெண்கள் துணைப்படையினர் சிலர் தனியார் அலுவலகங்களில் சுருக்கெழுத்தாளர் ஆயினர். சிலர் குடும்பத்தோடு நாட்டைவிட்டே சென்றனர். துணைப்படையில் பெரும்பங்கினரான ஆங்கிலோ-இந்தியருக்கு ரயில்வே, சுங்கம், அஞ்சல்-தந்தித் துறைகளில் இருந்த ஒதுக்கீட்டையும் அரசமைப்புச் சட்டம் பத்தாண்டுகளே நீட்டித்தது.

பெண்களுக்குப் படை அலுவலகத்தின் கதவு சட்டப்படியும் சாத்தப்பட்டது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, அரசு அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர வேறெங்கும் பெண்களைச் சேர்க்கத் தடை விதித்தது. குடிமைப் பணியிலும் நிலைமை இதிலிருந்து வெகு தூரமில்லை: திருமணமான பெண் அதிகாரியைப் பதவி விலகச் சொல்ல 1954-ஆம் ஆண்டின் இந்திய ஆட்சிப் பணி விதிகள் இடமளித்தன. பின்னர் அயலுறவுப் பணியின் இத்தகைய விதிகளை எதிர்த்து, சென்னையில் படித்த சி. பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் சென்றார். 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவ்விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார்.

மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியே பெண்களை அதிகாரிகளாக ராணுவம் மீண்டும் சேர்த்தது 1992-இல். பயிற்சி சென்னைப் பரங்கிமலையில். அவர்களின் நிரந்தரப் பணி உரிமையை உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உறுதி செய்தது.