நெற்றிச் சுருக்கமும் ஒரு நஞ்சின் வரலாறும்



முகச் சுருக்கத்தை நீக்கும் ‘போடாக்ஸ்’ ஊசியைப் பற்றிய விளம்பரங்கள் இன்று நம் ஜோர்ஜ்டவுனிலும் எளிதாகக் கண்ணில் படுகின்றன. அதனை முகப்பூச்சு போன்றதோர் அழகுப் பொருளென எண்ணுவோர் ஒரு சாரார். நச்சு ஊசி என்று ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் முழு உண்மையல்ல. இம்மருந்து கடந்து வந்த பாதையை அறிந்தால், அதனை நாடுவோர் எதனை முதலில் கேட்டறிய வேண்டும் என்பது தெளிவாகும்.

இவ்வரலாறு தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பகுதியில் தொடங்குகிறது. அங்குக் கெட்டுப்போன ‘சோசேஜ்’ இறைச்சியை உண்ட பலர் மாண்டனர். முதலில் பார்வை இரட்டையாகும், இமைகள் தொங்கும், விழுங்க இயலாது, இறுதியில் மூச்சு நிற்கும். கவிஞராகவும் புகழ்பெற்ற மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் இந்நோயை ஆராய்ந்தார். 1820இல் 76 பேரின் நோய்க்குறிகளையும் 1822இல் 155 பேரின் நோய்க்குறிகளையும் தொகுத்து வெளியிட்டார். அந்நஞ்சைச் சிறிதளவு தாமே உட்கொண்டும் சோதித்தார். மிகக் குறைந்த அளவில் கொடுத்தால், அளவு கடந்து துடிக்கும் நரம்புகளை இந்நஞ்சே அடக்கக்கூடும் என்று அன்றே எழுதினார். அக்கருத்து நடைமுறைக்கு வர ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

1895ஆம் ஆண்டு டிசம்பரில், பெல்ஜியத்தின் எல்செல் என்னும் சிற்றூரில் ஓர் இறப்பு வீட்டில் வாசித்த இசைக்குழுவினர் பன்றி இறைச்சி உண்டு நோயுற்றனர்; மூவர் இறந்தனர். கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மென்கெம், அவ்விறைச்சியிலும் இறந்தவர் உடலிலும் ஒரே கிருமியைக் கண்டு, 1897இல் தம் ஆய்வை வெளியிட்டார். இறைச்சிக் குழலைக் குறிக்கும் ‘போட்டுலுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே அக்கிருமி ‘போட்டுலினம்’ என்ற பெயரைப் பெற்றது.

இந்நஞ்சு செயற்படும் விதம் எளியது. தசையைச் சுருங்கச் செய்ய நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட வேண்டும். அதனை நஞ்சு தடுத்துவிடுகிறது, தசை தளர்ந்துவிடுகிறது. மூச்சுத் தசை தளர்ந்தால் உயிர் போகும். நெற்றித் தசை மட்டும் தளர்ந்தால் சுருக்கம் மறையும். நரம்பு மீண்டும் செயற்படத் தொடங்கும்போது, ஏறத்தாழ மூன்று நான்கு மாதங்களில், சுருக்கமும் திரும்பிவிடும்.

இதனை மருந்தாக்கியவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணை அறுவைச் சிகிச்சையின்றிச் சீராக்குவதே அவர் நோக்கம். குரங்குகளிடம் செய்த சோதனைகளின் முடிவை 1973இலும், மனிதர்க்கு அளித்த சிகிச்சையின் முடிவை 1980இலும் வெளியிட்டார். மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்பு நோய்க்கும் 1989இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. ஆக, இம்மருந்து முதலில் துணை நின்றது அழகை நாடியோருக்கன்று. கண்ணைத் திறக்கவே இயலாமல் தவித்தோருக்கே.

அழகுக்கான பயன் தற்செயலாகவே தெரியவந்தது. 1987இல் கனடாவின் வான்கூவர் நகரில் கண் மருத்துவர் ஜீன் கர்ரதர்ஸிடம் இமைத் துடிப்புக்காக ஊசி போட்டுக்கொண்ட ஒருவர், தம் புருவ மத்தியின் கோடுகள் மறைவதைச் சுட்டிக்காட்டினார். ஜீன் அதனைத் தோல் மருத்துவரான தம் கணவர் அலஸ்டேரிடம் கூறினார். இருவரும் ஆராய்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டனர். புருவ மத்திச் சுருக்கத்திற்கான அமெரிக்க அனுமதி 2002இல் கிடைத்தது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். இங்கோ அளவறிந்ததால் நஞ்சு மருந்தாயிற்று. அவ்வளவு தவறினால் மருந்து மீண்டும் நஞ்சாகும். 2004ஆம் ஆண்டின் இறுதியில் புளோரிடாவில், ஆய்வுக்கூடத்திற்கென விற்கப்பட்ட செறிந்த நஞ்சினைச் சுருக்கம் நீக்கச் செலுத்திக்கொண்ட நால்வர் கை கால் செயலிழந்து மருத்துவமனையில் கிடந்தனர். ஊசியைப் போட்டவரும் அந்நால்வருள் ஒருவர்.

நம் நாட்டில், 2006ஆம் ஆண்டு ஜூலையில் தேசிய ஃபத்வா மன்றம் முஸ்லிம்கள் அழகுக்காக இதனைப் பயன்படுத்துவதற்கு எதிராக முடிவெடுத்தது. சுகாதார அமைச்சு 2013இல் அழகியல் மருத்துவத்திற்கான வழிகாட்டியை வெளியிட்டது. இத்தகைய சிகிச்சை அளிப்பவர் பதிவுபெற்ற மருத்துவராக இருப்பதோடு, ‘எல்.சி.பி.’ எனப்படும் தகுதிக் கடிதமும் பெற்றிருக்க வேண்டும். ஒப்பனை நிலையத்திலோ வீட்டுக்கு வந்தோ மலிவாக ஊசி போடுபவர்களிடம் அக்கடிதம் இராது. எனவே, விலையைக் கேட்கும் முன் கடிதத்தைக் கேளுங்கள். மருந்து நம் நாட்டில் பதிவு செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தசைநார் நோய் உடையோரும் தவிர்ப்பதே நலம். ஊசிக்குப் பின் விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமானால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெற்றோர்களுக்கு மேலும் ஒரு செய்தி. இதே கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். அவை கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து அங்கேயே நஞ்சைச் சுரக்கும் என்பது 1976இல் கண்டறியப்பட்டது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அன்பினால் செய்யும் வழக்கமே எனினும், ஓராண்டு நிறையும்வரை குழந்தைக்குத் தேன் வேண்டா. வீட்டுப் பெரியவர்களிடம் இதனைப் பக்குவமாக எடுத்துக் கூறுங்கள்.