ஒரே விடுதி, 90 ஆண்டுகள்

அயர்லாந்தின் தர்லஸ் ஊரில் ஹேய்ஸ் விடுதி இருக்கிறது. 1884இல் ஆண்கள் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கிய இடம். பெண்களின் கேலிக் கால்பந்துச் சங்கமும் அங்கேதான் பிறந்தது, 1974இல்.

கேலிக் பந்து உருண்டை, ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் பந்து முட்டை வடிவம். ஆனால் கையால் பிடித்து, ஓடி, உதைப்பது இரண்டிலும் உண்டு. அந்தப் பழக்கத்தோடு அயர்லாந்துப் பெண்கள் ஆஸ்திரேலியா போனார்கள். அங்கே ஆண்களுக்கான சர்வதேசக் கோப்பை 2002இலேயே தொடங்கிவிட்டது. பெண்கள் பிரிவு வந்ததோ 2011இல். அந்த முதல் முறையிலேயே அவர்கள் வென்றார்கள். ‘பெண்களுக்கு ஆர்வமில்லை’ என்பவர்களிடம் நாங்கள் இந்த ஆண்டுகளைத்தான் எண்ணச் சொல்கிறோம்.

மேயோவுக்கு நான்கு அகில அயர்லாந்துப் பட்டங்களை வென்ற கோரா ஸ்டான்டன், 2018இல், 36 வயதில், ஆஸ்திரேலியப் பெண்கள் லீக்கில் இறங்கினார். ஊரில் ஆட்டத்துக்குச் சம்பளமே கிடையாது. இங்கே கிடைத்தது, அதுவும் பகுதிநேரச் சம்பளம்.