எந்தக் காம்ப்?

சில வருடங்களுக்கு முன், மூதூர் கிழக்கைச் சேர்ந்த ஒரு தாய்க்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுக்க உதவினேன். அவர் சொன்னது ஒரே வரி: "மகன் காம்பிலயிருந்து காம்புக்குப் போனவன், திரும்பி வரல்ல." முன்பு யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கிலக் கடிதத்திலும் அதே வரிதான் இருந்தது. ஆனால் அதைப் படிப்பவருக்கு, பையன் ஓர் அகதி முகாமிலிருந்து இன்னொரு அகதி முகாமுக்கு இடம் மாறியதாகவே தோன்றும்.

எங்கள் மாவட்டத்தில் காம்ப் என்ற சொல்லுக்கு வேலை அதிகம். ஆமிக் காம்ப், நேவிக் காம்ப், அகதிக் காம்ப், இயக்கத்தின் பழைய காம்ப், புனர்வாழ்வுக் காம்ப், கண் காம்ப். கோணேசர் கோயிலுக்குப் போவதென்றாலும் பிரட்றிக் கோட்டையின் இராணுவக் காம்புக்குள்ளால்தான் பாதை. "காம்பில இருந்தனான்" என்று ஒருவர் சொன்னால் அவர் இடம்பெயர்ந்தவரா, தடுத்து வைக்கப்பட்டவரா, போராளியா என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஊரில் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்வோம். கடிதத்துக்கு முகம் இல்லை.

இலத்தீனில் திறந்த வெளியைக் குறிக்கும் 'கம்பஸ்' என்ற சொல்லே இதன் மூலம். உரோமில் அப்படியொரு வெளியில் படைகள் பயிற்சி எடுத்தன. கோணேசபுரியில் பிள்ளைகள் படிக்கப் போகும் 'கம்பஸ்' இதே சொல்தான். நாம் தமிழென்று எழுதும் 'முகாம்' கூட அரபியிலிருந்து வந்தது. தங்குமிடம் என்று பொருள். பழைய தமிழில் படை தங்குமிடத்துக்குப் பாசறை என்று பெயர். தமிழ்நாட்டில் அதிகாரி "கேம்ப் போயிருக்கிறார்" என்றால் நாலு நாளில் திரும்பிவிடுவார்.

சம்பூர் மக்களுக்கு அது நாலு நாள் இல்லை. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சு தொடங்கியது. செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. வாகரை வழியே மட்டக்களப்புக்குப் போனவர்கள் பின்னர் கிளிவெட்டி போன்ற இடங்களில் வைக்கப்பட்டார்கள். பெயர் 'இடைத்தங்கல் முகாம்'. அவர்களுடைய காணியில் 818 ஏக்கர் கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு 2015 இல்தான் இரத்தானது. இன்னும் 237 ஏக்கரில் கடற்படை முகாம். அங்கிருந்து காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2016 இல். நேவி காம்பை எடுத்தால்தான் சனம் காம்பை விட்டுப் போகலாம் என்ற நிலை. ஒரே வசனத்தில் இரண்டு காம்ப், இரண்டும் 'தற்காலிகம்'.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல் பிடிப்பதில்லை. 2009 இல் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர் முட்கம்பிக்குள் இருந்தபோது மெனிக் பாமும் மற்ற இடங்களும் அரசின் வாயில் 'நலன்புரிக் கிராமம்'. தமிழ்நாட்டில் 2021 இல் 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்ல மனதோடு செய்ததாகவே நினைக்கிறேன். ஆனால் முகாம் போகவில்லை. திருச்சியில் 'சிறப்பு முகாம்' என்பது அடைத்து வைக்கும் இடம்.

ஆகவே வாக்குமூலமோ விண்ணப்பமோ எழுதுபவர்கள் காம்ப் என்று மட்டும் விடாதீர்கள். யாருடைய காம்ப், எந்த ஊர், எந்தத் திகதியிலிருந்து எதுவரை, தானாகப் போனாரா அழைக்கப்பட்டாரா என்று எழுதுங்கள்.

அந்தத் தாயின் வரியை இப்படி மாற்றினேன்: "இடம்பெயர்ந்தோர் முகாமில் தங்கியிருந்த என் மகன், விசாரணைக்கு வரச் சொன்னதால் இராணுவ முகாமுக்குப் போனான்." வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தக் காம்ப் வாசலில ஒரு வேம்பு நிண்டது, அதையும் எழுதுங்க பிள்ளை" என்றார். எழுதினேன்.