ஜெர்மன்டவுனின் சிறுமந்தை



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து பலரும் கலைந்தபின், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு சகோதரர், "ஐயா, இத்தனை வருடம் ஆகியும் நாம் இவ்வளவு பேர்தானே?" என்று கேட்டார். அந்நேரத்தில் அவருக்கு நான் ஏற்ற பதில் எதுவும் சொல்லவில்லை. வீடு திரும்பிய பிறகுதான், சபைச் சரித்திரத்தில் நான் மறுபடியும் மறுபடியும் தேடிச் சென்று வாசிக்கும் ஒரு சிறிய கூட்டத்தார் நினைவுக்கு வந்தார்கள். இந்த வாரம் அவர்களைக்குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன்.

1683 அக்டோபர் 6-ஆம் நாள் 'கான்கார்ட்' என்னும் கப்பல் வட அமெரிக்காவின் பிலடெல்பியாவை வந்தடைந்தது. அதில் ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியிலுள்ள கிரெஃபெல்ட் ஊரைச் சேர்ந்த பதின்மூன்று குடும்பத்தார் இருந்தார்கள். அவர்களில் பலர் சணல்நூல் நெசவாளர்கள். வில்லியம் பென் என்னும் குவேக்கர் தலைவர் தாம் பெற்ற பென்சில்வேனியா நாட்டில் மனச்சாட்சியின்படி தேவனைத் தொழுதுகொள்ள இடமுண்டு என்று அறிவித்திருந்தார். அந்த வாக்கை நம்பியே இவர்கள் கடல் கடந்தார்கள். அவர்களுக்கு முன்னோடியாக வந்திருந்த ஃபிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸ் என்னும் சட்ட அறிஞர், டெலவேர் ஆற்றங்கரையில் தோண்டிய ஒரு குகை வீட்டில் தங்கியிருந்தார். அந்தக் குகையிலேயே அவர்கள் கூடி, யாருக்கு எந்த நிலம் என்று சீட்டுப்போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். அப்படிப் பிறந்த ஊரே ஜெர்மன்டவுன்.

அந்தப் பதின்மூன்றில் மெனோனைட்டாகவே வந்து இறங்கியது ஒரே ஒரு குடும்பம், யான் லென்சென் என்பவருடையது. மற்றவர்களில் பெரும்பாலோர் மெனோனைட் குடும்பங்களில் வளர்ந்து, பிற்பாடு குவேக்கர் கூட்டத்தில் சேர்ந்தவர்கள். வட அமெரிக்காவில் நிலைத்துநின்ற முதலாவது மெனோனைட் சபைக்கு அந்த ஒரு குடும்பமே தொடக்கம். நாற்காலி அடுக்கிய சகோதரர் இதைக் கவனிக்க வேண்டும்.

மெனோனைட்டுகள் யார் என்பதை நம்மில் சிலர் அறியாதிருக்கலாம். 1525-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சில வாலிபர், தாமே விசுவாசித்து அறிக்கையிடுகிறவர்களுக்கே ஞானஸ்நானம் உரியது என்று நம்பி, ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவராகிய ஃபெலிக்ஸ் மான்ட்ஸ் 1527 ஜனவரி 5-ஆம் நாள் அந்நகரின் லிம்மட் ஆற்றிலே அமிழ்த்திக் கொல்லப்பட்டார். தீர்ப்பளித்தவர்களும் சீர்திருத்த விசுவாசிகளே என்பதை மறைப்பதற்கில்லை. 1536-இல் நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்னும் கத்தோலிக்கக் குரு தம் பதவியை விட்டு, சிதறிக்கிடந்த இந்த விசுவாசிகளோடு சேர்ந்து அவர்களை மேய்த்தார். அவருடைய பெயராலேயே அவர்கள் பிற்பாடு மெனோனைட்டுகள் என்று அழைக்கப்பட்டார்கள். அவர்கள் பட்டயத்தை எடுக்கமாட்டார்கள், ஆணையிடமாட்டார்கள். 1632-இல் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் அவர்கள் பதினெட்டுப் பிரிவுகளாக ஒரு விசுவாச அறிக்கையை எழுதிக் கையொப்பமிட்டார்கள். பரிசுத்தவான்களின் கால்களைக் கழுவுதலும், தீமைக்குத் தீமை செய்யாதிருத்தலும் அதில் தனித்தனிப் பிரிவுகள். கிரெஃபெல்ட் சபையின் சார்பில் அதில் கையெழுத்திட்டவர் ஹெர்மன் ஓப் டென் கிராஃப். இந்தக் குடும்பப் பெயரை மறந்துவிடாதிருங்கள், மறுபடியும் வரும்.

ஜெர்மன்டவுனுக்குத் திரும்புவோம். ஆண்டுகள் செல்லச்செல்ல இன்னும் சில மெனோனைட் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களுக்கு ஆலயம் இல்லை; வீடுகளில் கூடினார்கள். 1688-இல் வந்தவர்களில் வில்லியம் ரிட்டன்ஹவுஸ் ஒருவர். காகிதம் செய்வது அவர் தொழில். 1690-இல் ஜெர்மன்டவுன் அருகே ஓர் ஓடைக்கரையில் அவர் நிறுவிய ஆலைதான் ஆங்கிலேயரின் அமெரிக்கக் குடியேற்றங்களில் முதலாவது காகித ஆலை. அக்காலத்தில் காகிதம் மரத்திலிருந்து வரவில்லை. பழந்துணிக் கந்தல்களை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் வார்த்தெடுப்பார்கள். நெசவாளர் ஊரிலே தேய்ந்துபோன சணல்துணி அந்த ஆலைக்குப் போய்க் காகிதமாகத் திரும்பியது. சில ஆண்டுகளில் வெள்ளம் ஆலையை அடித்துக்கொண்டு போயிற்று. அந்த முதியவர் மறுபடியும் கட்டினார்.

1698-இல் அந்தச் சிறுமந்தை அவரைத் தங்கள் பிரசங்கியாகத் தெரிந்துகொண்டது. ஆனால் ஒரு குறை இருந்தது. மெனோனைட்டுகளின் ஒழுங்கின்படி, ஞானஸ்நானம் கொடுக்கவும் கர்த்தருடைய பந்தியை நடத்தவும் முறைப்படி நியமிக்கப்பட்ட ஒரு மூப்பர் வேண்டும். அப்படிப்பட்டவர் இன்னொரு மூப்பரால் நியமிக்கப்படவேண்டும். அமெரிக்காவில் ஒருவரும் இல்லை. பிரசங்கம் உண்டு, ஜெபம் உண்டு, பாட்டு உண்டு, பந்தி இல்லை. கப்பலில் கைக்குழந்தைகளாக வந்தவர்கள் வாலிபராயினர். ஞானஸ்நானம் பெற விரும்பியும் பெறமுடியாமல் நின்றார்கள். ஐரோப்பாவிலுள்ள ஆல்டோனா சபைக்கு, ஒரு மூப்பரை அனுப்பித்தாருங்கள் என்று எழுதிக் கேட்டார்கள். அவ்வளவு தூரம் வர ஒருவரும் முன்வரவில்லை; நீங்களே உங்களுக்குள் ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் பதில் வந்தது.

அந்த அனுமதி வந்தவுடனும் அவர்கள் பாய்ந்து செயல்படவில்லை. 1708 மே 9-ஆம் நாள்தான் யாக்கோப் காட்ஷால்க் என்னும் ஊழியர் பதினொரு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டு வாரங்களுக்குப்பின், மே 23-இல், அந்தச் சபை முதன்முறையாகக் கர்த்தருடைய பந்தியில் அமர்ந்தது. முதல் குடும்பம் கரையிறங்கி ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ரிட்டன்ஹவுஸ் அதைக் காணவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவர் மரித்துப்போனார். அதே ஆண்டில் மரக்கட்டைகளால் ஒரு சிறிய கூடுகை வீட்டையும் எழுப்பினார்கள்.

இந்த இடத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு தடுமாற்றம் இருந்தது. பந்தியில்லாமல் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது அளவுக்கு மிஞ்சிய ஒழுங்குப் பற்று அல்லவா? இப்போது நான் அப்படி எண்ணுவதில்லை. ஞானஸ்நானத்துக்காகத் தங்கள் முன்னோர் ஆற்றிலே அமிழ்த்தப்பட்டதை அறிந்தவர்கள் அவர்கள். அதை அற்பமாகத் தொடத் துணியாமல், தங்கள் இழப்பைத் தாங்களே சுமந்துகொண்டு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பின் விலையை வேறொருவரும் கொடுக்கவில்லை.

ஆனால் அதே ஊரில் வேறொரு காத்திருப்பும் நடந்தது. அதை நான் இவ்வளவு இலகுவாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

1684-இல் 'இசபெல்லா' என்னும் கப்பல் சுமார் 150 ஆப்பிரிக்க அடிமைகளைப் பிலடெல்பியாவில் இறக்கியது. அவர்களை வாங்கியவர்களில் குவேக்கர் விசுவாசிகள் இருந்தார்கள். மனச்சாட்சியின் விடுதலைக்கு இடங்கொடுத்த பென்னும் அடிமைகளை உடையவராயிருந்தார். கிரெஃபெல்டிலிருந்து வந்த நெசவாளர்கள் இதைக் கண்டார்கள். 1688 ஏப்ரல் 18-ஆம் நாள், ஜெர்மன்டவுனைச் சேர்ந்த நான்கு பேர் தங்கள் கூட்டத்தாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டார்கள்: கேரட் ஹெண்டரிக்ஸ், டெரிக் ஓப் டென் கிராஃப், ஆபிரகாம் ஓப் டென் கிராஃப், பாஸ்டோரியஸ். டெரிக்கும் ஆபிரகாமும் சகோதரர்கள்; டோர்ட்ரெக்ட் அறிக்கையில் கையெழுத்திட்ட ஹெர்மனின் பேரப்பிள்ளைகள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த விண்ணப்பத்தை மெனோனைட்டுகளே எழுதினார்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல. அது குவேக்கர் கூட்டத்துக்கு, குவேக்கராய்க் கூடிவந்தவர்கள் எழுதியது. என்றாலும் அதை வாசிக்கும்போது, பேரப்பிள்ளைகளின் எழுத்தில் பாட்டனாரின் வீட்டு விசுவாசம் கேட்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர்களுடைய ஆங்கிலம் தடுமாறுகிறது, பழக்கமில்லாத மொழி. ஆனால் வாதம் தடுமாறவில்லை. மனுஷர் உங்களுக்கு எதைச் செய்ய விரும்புகிறீர்களோ அதையே அவர்களுக்குச் செய்யுங்கள் என்கிற கட்டளையில் நிறத்துக்கு விதிவிலக்கு உண்டா என்று கேட்கிறார்கள் (மத்தேயு 7:12-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள்). கடற்பயணத்தில் துருக்கியர் கையில் அகப்பட்டு அடிமையாக விற்கப்படுவோமோ என்று நாமே நடுங்கினோமே, அதையே கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் செய்யலாமா என்கிறார்கள். திருடப்பட்டவர்களை வாங்குவது திருடுவதற்குச் சமம் என்கிறார்கள். கணவனை மனைவியிடமிருந்து பிரித்து விற்பது விபசாரத்துக்கு வழிசெய்வது என்றும் சொல்லுகிறார்கள். ஐரோப்பாவில் மனச்சாட்சிக்காக மக்கள் ஒடுக்கப்பட்டார்கள், இங்கே தோலின் கருமைக்காக ஒடுக்கப்படுகிறார்கள் என்றும் ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

என்னை அதிகமாய்த் தைத்தது வேறொரு கேள்வி. இந்த அடிமைகள் ஒருநாள் ஒன்றுசேர்ந்து தங்கள் விடுதலைக்காக எழும்பினால், பட்டயத்தை எடுக்கமாட்டோம் என்று சொல்லும் எஜமான்கள் அப்போது என்ன செய்வார்கள்? அவர்களுக்கு எதிராக ஆயுதம் எடுப்பார்களா? விடுதலைக்காகப் போராட அந்த அடிமைகளுக்கு உரிமை இல்லையா? சமாதான விசுவாசத்தைப் பேசிக்கொண்டே அடிமையை வைத்திருக்கிறவனின் சமாதானத்தைப் பிறரின் சவுக்கு காத்துக்கொண்டிருக்கிறது என்பதை அந்த நெசவாளர்கள் கண்டுகொண்டார்கள்.

விண்ணப்பம் முதலில் மாதக் கூட்டத்துக்குப் போயிற்று. காரியம் மிகவும் பாரமானது, நாங்கள் தீர்மானிக்கத் தகுந்ததல்ல என்று அவர்கள் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். காலாண்டுக் கூட்டமும் அதே காரணத்தைச் சொல்லி ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அவ்வாண்டு செப்டம்பரில் பர்லிங்டன் நகரில் கூடிய ஆண்டுக் கூட்டம், இது மற்றப் பல பகுதிகளையும் தொடுகிற காரியமாகையால் இப்போது முடிவுசெய்வது தகாது என்று ஒதுக்கிவைத்தது. ஒருவரும் அதை மறுக்கவில்லை. பொய் என்று சொல்லவில்லை. பாரமானது என்று மட்டும் சொன்னார்கள்.

சபைக்கூட்டங்களில் நானும் அமர்ந்திருக்கிறேன். "அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம்" என்று நானே சொன்ன காரியங்கள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு எதுவென்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். ஆகையால் பர்லிங்டனில் கூடியவர்களைக் கல்லெறிய என்னால் இயலாது. ஆனால் அவர்களுடைய காத்திருப்பை ரிட்டன்ஹவுஸின் சபையாருடைய காத்திருப்போடு ஒப்பிடாமலிருக்கவும் இயலவில்லை. இவர்கள் தங்கள் பந்தியை இழந்து காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்தபோதோ, விலைகொடுத்தது விற்கப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமைகளை வைத்திருப்பதைத் தன் அங்கத்தினருக்குத் தடைசெய்தது 1776-இல். விண்ணப்பம் எழுதப்பட்டு எண்பத்தெட்டு ஆண்டுகள். இரண்டு காத்திருப்புக்கும் நாம் பொறுமை என்ற ஒரே பெயரைக் கொடுத்துவிடுகிறோம்.

அந்தத் தாள் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பல தலைமுறைகள் மறக்கப்பட்டுக் கிடந்து, 1844-இல் கண்டெடுக்கப்பட்டது. அடிமை விடுதலைக்காக உழைத்தவர்கள் அதை அச்சிட்டுப் பரப்பினார்கள். பிற்பாடு மறுபடியும் காணாமற்போய், 2005-இல் பிலடெல்பியாவின் ஒரு குவேக்கர் கூடுகை வீட்டுப் பெட்டகத்தில் அகப்பட்டது. மை மங்கியிருந்தது, ஓரங்கள் கிழிந்திருந்தன. அதைச் செப்பனிட்டு இப்போது பாதுகாத்துவருகிறார்கள்.

மெனோனைட் சபையோ பெரிதாக வளரவில்லை. நல்ல நிலம் தேடிக் குடும்பங்கள் ஸ்கிப்பாக் போன்ற இடங்களுக்குப் பெயர்ந்தன. ஜெர்மன்டவுனில் சிலரே எஞ்சினார்கள். அந்தச் சிலர் 1770-இல் பழைய மரக்கட்டை வீட்டின் இடத்தில் கல்லால் ஒரு சிறு கூடுகை வீட்டைக் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. 1688-இல் அந்த நால்வரும் கையெழுத்திட்டது இதன்மேல்தான் என்று வழிவழியாய்ச் சொல்லப்படும் ஒரு மர மேசையை அதற்குள்ளே வைத்துப் பேணினார்கள். குவேக்கர்களின் கூட்டம் ஒதுக்கிவைத்த விண்ணப்பத்தின் மேசை, மெனோனைட்டுகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.